குளுவாங்கில் காப்பி குடிக்கும் அரசமரம்

குளுவாங் என்ற பெயர் வௌவாலிடமிருந்து வந்தது. பழந்தின்னி வௌவாலை மலாயில் 'கெலுவாங்' என்பார்கள். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக் காடுகளில் அவை கூட்டங்கூட்டமாகத் தொங்கியிருக்கின்றன. இப்போது ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனைதான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாமில் இறங்கிக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் 510 மீட்டர் உயர குனோங் லம்பாக் தலைகாட்டும். அதன் அடிவாரத்தில், அவசரம் தெரியாத ஓர் ஊர்.

ஜொகூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு குளுவாங் என்றால் காப்பி. 1938 முதல் ரயில் நிலையத்தோடு வளர்ந்த காப்பிக் கடை, கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, உள்ளே வெண்ணெயும் காயாவும், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை. வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இதற்காகவே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நானும் குடித்தேன், குறை ஒன்றுமில்லை. ஆனால் என்னை அங்கே இழுத்தது கோப்பைக்குள் இருந்தது இல்லை. கோப்பையை நிரப்பிய பிறகு துணிப்பைக்குள் மிஞ்சியது.

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. ஊர் முழுக்க எதைப் பற்றிச் சண்டை போடுகிறது என்று ஏழு மணிக்குள் தெரிந்துவிடும். வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசும் நாள்களில் காப்பிச் சக்கை வராமல் இருக்காது. "ரோஜாவுக்குப் போட்டேன், கொத்துக் கொத்தாப் பூத்துச்சு" என்று ஒருவர் புலனத்தில் குரல் அனுப்புவார். அடுத்தவர், "கீரை விதைச்ச பாத்தியில போட்டேன், ஒன்னுகூட முளைக்கல" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒருநாள் குளுவாங்கிலிருந்து ஒரு குரல்: "பூச்செடிய விடுங்கம்மா. நாங்க சாமி மரத்துக்கே போடுறோம். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன்.

மரம் இல்லாத கோயில்

ஊருக்கு வெளியே, புதிய தாமான் ஒன்றின் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது அந்த அம்மன் கோயில். முன்பு அது தோட்டத்துக் கோயில். லயத்து வீடுகள், பால் கொட்டகை, சின்னப் பந்துத் திடல், இவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய அரசமரம்; மரத்தடியில் அம்மன். தோட்டம் கைமாறியது, லயம் காலியானது, கோயிலுக்கு மாற்று இடம் கொடுத்தார்கள். நம்மில் பலருக்கு இந்தக் கதையை விவரிக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அம்மனைத் தூக்கி வர முடிந்தது. மணியைத் தூக்கி வர முடிந்தது. மரத்தைத் தூக்கி வர முடியவில்லை.

கோயில் காரியங்களைக் கவனிக்கும் பெரியவருக்கு 68 வயது. தோட்டத்தில் பால் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை அறுத்தவர். "பழைய கோயில் சுவத்து வெடிப்புல ஒரு அரசங்கன்னு முளைச்சிருந்துச்சும்மா. பறவையோ வௌவாலோ போட்ட விதை. சுவத்தோட பேத்து எடுத்துட்டு வந்தோம்" என்றார். அரசம்பழத்தைத் தின்ற பறவையும் வௌவாலும் எச்சத்தோடு விதையைப் போகிற வழியெல்லாம் விட்டுப் போகும். கட்டட இடுக்கில் அரசு முளைப்பது அப்படித்தான். தாய்மரத்தின் பிள்ளை அது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

புதிய இடத்தின் மண் வேறு கதை. வீடு கட்டுவதற்காக மேட்டைச் சீவி, பள்ளத்தில் கொட்டி, உருளை வண்டி ஓட்டி இறுக்கிய செம்மண். மேல்மண் எங்கே போனதோ தெரியாது. மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் ஓடு போல் காயும். மண்வெட்டியால் ஓங்கிக் கொத்தினால் 'டங்' என்று சத்தம் வந்ததாம்.

அந்த மண்ணில் வைத்த கன்று எட்டு மாதம் இலை விடாமல் நின்றது.

சாக்குச் சாக்காக வந்த சக்கை

கோயில் இளைஞர் ஒருவர் ஊரில் ஒரு சீனர் காப்பிக் கடையில் வேலை செய்தார். தினமும் துணிப்பையைக் கவிழ்த்துச் சக்கையைக் குப்பைத் தொட்டியில் கொட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று. காப்பிச் சக்கை நல்ல உரம் என்று எங்கோ பார்த்தது நினைவுக்கு வந்திருக்கிறது. முதலாளியைக் கேட்டார். 'அம்பில்லா' என்றார் அவர். குப்பை குறைந்தால் அவருக்கும் நல்லதுதானே.

ஒரே மாதத்தில் மூன்று கடைகளிலிருந்து சக்கை வர ஆரம்பித்தது. ஆர்வம் மிகுந்துபோய், கன்றைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்குக் குவித்தார்கள். மண் கறுப்பாகத் தெரிந்ததைப் பார்த்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்து வாரத்தில் தண்டின் அடிப்பட்டை கொழகொழவென்று ஆனது. இலை பழுத்து உதிர்ந்தது. கன்று போய்விட்டது.

"அன்னைக்கு யாரும் யாரையும் திட்டலம்மா. ஆனா யாரும் சாப்பிடல" என்றார் பெரியவர்.

நல்ல வேளையாக, பழைய சுவரில் இன்னும் இரண்டு கன்றுகள் இருந்தன. அந்தக் கட்டடத்தை இடிக்க நாள் குறித்திருந்தார்கள். முதல் நாள் மாலை போய் இரண்டையும் எடுத்து வந்தார்கள். ஒன்று வழியிலேயே வேர் அறுந்துவிட்டது. மிஞ்சியது ஒன்று. அதை வைத்துச் சோதனை செய்ய யாருக்கும் துணிவில்லை.

அப்போதுதான் செர்டாங்கில் வேளாண்மை படித்துவிட்டு வந்த ஓர் இளம்பெண் பேச்சில் நுழைந்தார். தோட்டத்து டிராக்டர் ஓட்டுநரின் மகள். அவர் முதலில் சொன்ன வார்த்தை: "சக்கை மேல தப்பில்ல மாமா. பச்சையாப் போட்டதுதான் தப்பு."

சக்கைக்குள் என்ன இருக்கிறது?

அந்தப் பெண் எனக்கும் கோயில் திண்ணையில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். நிகழ்ச்சியில் நான் கேட்ட இரண்டு தரப்புக்கும் அதில் பதில் இருந்தது.

காய்ந்த காப்பிச் சக்கையில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏறத்தாழ 2 விழுக்காடு. ஓர் இயற்கைக் கழிவுக்கு இது நல்ல அளவு. ஆனால் அது உடனே வேருக்குக் கிடைக்காது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சக்கையைத் தின்று செரித்த பிறகே வெளியே வரும். தின்னும் காலத்தில் அவை மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜனையும் தமக்கு எடுத்துக்கொள்ளும். அதனால் பச்சைச் சக்கையைக் கொட்டியவுடன் செடிக்குச் சாப்பாடு கூடுவதில்லை; கொஞ்ச காலம் குறைகிறது.

இரண்டாவது, கஃபீன். காப்பி வடித்த பிறகும் சக்கையில் அது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். விதை முளைப்பதையும் இளம் வேர் ஓடுவதையும் தடுக்கும் வேறு சில பொருள்களும் அதில் உண்டு. கீரை முளைக்காத நேயருக்குக் காரணம் இது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது. புரொக்கோலி, லீக்ஸ், முள்ளங்கி, சூரியகாந்தி, வயோலா ஆகியவற்றுக்குப் பச்சைச் சக்கையை நேரடியாக மண்ணில் கலந்தபோது வளர்ச்சி வெகுவாகக் குறைந்தது.

மூன்றாவது, அது மாவு போல நைசானது. கனமாகப் போட்டால் காய்ந்து ஓடாகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும். ஈரமாகவே இருந்தால் பூஞ்சை பிடிக்கும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும்.

புளிப்பு பற்றியும் கேட்டேன். காப்பிச் சக்கை மண்ணைப் புளிக்க வைக்கும் என்றுதானே பெரும்பாலோர் சொல்கிறார்கள்? காப்பியின் அமிலத்தில் பெரும்பகுதி கோப்பைக்குள் போய்விடுகிறது. மிஞ்சும் சக்கை பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே இருக்கும் என்றார். "நம்ம செம்மண்ணு ஏற்கெனவே புளிப்புதான் அக்கா. இங்க குறைச்சல் அது இல்ல. மக்கு. மண்ணுல உயிரே இல்ல."

நம் நாட்டு உள்நிலப் பகுதிகளின் நிலைமை அது. ஆண்டு முழுக்க அடித்துப் பெய்யும் மழை சத்தைக் கரைத்துக் கீழே இழுத்துவிடும். இரும்பும் அலுமினியமும் மிஞ்சி மண் சிவக்கும். கடை உரத்தை வாங்கிப் போட்டாலும், அதைப் பிடித்து வைக்க மக்கு இல்லையென்றால் அடுத்த மழையில் பாதி சாக்கடைக்குப் போய்விடும். காப்பிச் சக்கையின் உண்மையான பலன், அதில் இருக்கும் 2 விழுக்காடு நைட்ரஜனைவிட, மக்கிய பிறகு அது மண்ணுக்குக் கொடுக்கும் பஞ்சு போன்ற தன்மையில்தான் இருக்கிறது.

மாலையும் சக்கையும்

கோயிலின் பின்பக்கம் பலகைகளை அடித்து மூன்று தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு வாளி காப்பிச் சக்கைக்கு நான்கு வாளி மற்றவை. மொத்தத்தில் சக்கை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மற்றவை என்றால்? காய்ந்த இலை மூன்று வாளி. கோயிலில் வாடிய மாலைகளும் வாழை இலையும் சேர்ந்து ஒரு வாளி.

மாலைதான் அவர்களுடைய பெரிய சொத்து. வெள்ளிக்கிழமை முடிந்தால் மூட்டை மூட்டையாகச் சேரும். முன்பு அதுவும் குப்பைக்குத்தான் போனது. இப்போது சனிக்கிழமை காலையில் நான்கைந்து அம்மாக்கள் உட்கார்ந்து நாரையும் ஜரிகையையும் பிளாஸ்டிக் மணியையும் பிரித்து எடுக்கிறார்கள். "சாமி போட்ட மாலை கால்ல மிதிபடாம மண்ணுக்குப் போகுதே, அது போதும்" என்றார் அவர்களில் ஒருவர்.

தொட்டியை வாரம் ஒருமுறை புரட்டிப் போடுகிறார்கள். பிழிந்தெடுத்த துணி அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். நடுவில் கையை விட்டால் சூடு தெரியும். மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த காட்டு மண் வாசனை வரும். காப்பி வாசனை போயிருக்க வேண்டும், அதுதான் அடையாளம்.

ஒரு விஷயத்தைப் பெரியவர் வேறெங்கும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். நம் ஊர்க் காப்பிக்கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்கள். "அதனால எறும்பு சீக்கிரம் மோப்பம் பிடிச்சிரும். சக்கையத் தொட்டி நடுவுல போட்டு இலையால மூடிரணும்." பால் கலந்த மிச்சத்தை அவர்கள் வாங்குவதே இல்லை, நாற்றமும் எலியும் வரும்.

மக்கிய உரத்தை மரத்துக்குப் போடும் இடத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. தண்டை ஒட்டிப் போடுவதில்லை. மரம் உணவெடுக்கும் நுனி வேர்கள் கிளையின் விளிம்புக்கு நேர் கீழே, அதையும் தாண்டி இருக்கும். அந்த வட்டத்தில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, மேலே காய்ந்த இலையைப் போர்த்துகிறார்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் எப்போதும் வெறுமையாக இருக்கும். சக்கையில் சாம்பல் சத்து குறைவு என்பதால் மா மரத்துக்கு மட்டும் விறகுச் சாம்பல் ஒரு பிடி கூடுதல்.

வீட்டில் தொட்டி வைக்க இடமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பெரிய மரமாக இருந்தால் சக்கையை உலர்த்தி, ஒரு விரல் கனத்துக்கும் குறைவாகத் தூவி, மேலே இலைச் சருகைக் கனமாக மூடிவிடலாம். நாற்று, விதைப் பாத்தி, சின்னத் தொட்டிச் செடி, இவற்றின் பக்கம் பச்சைச் சக்கை போகவே கூடாது. நாய் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கஃபீன் நாய்களுக்கு நஞ்சு.

ரப்பருக்கு முன் காப்பி

பெரியவர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அவருடைய தாத்தா காலத்தில் ரப்பருக்கு நடுவே பழைய காப்பி மரங்கள் நின்றனவாம். பிள்ளைகள் பழத்தைப் பறித்துச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவார்களாம்.

அது வெறும் கதை இல்லை. நாம் நம் வரலாற்றைப் பால் மரத்திலிருந்து தொடங்கிப் பழகிவிட்டோம். அதற்கு முன்னால் காப்பி இருந்தது. இலங்கையில் 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை இருபது ஆண்டுகளுக்குள் அழித்தது. அங்கே பிழைப்பு இழந்த துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்து மறுபடி காப்பி நட்டார்கள். காட்டை வெட்டவும் கன்று வைக்கவும் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்கள் கப்பலேறினார்கள். 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. பூச்சியும் சேர்ந்துகொண்டது. காப்பிக்கு இடையே ரப்பர் நட்டார்கள். பிறகு காப்பியை அகற்றினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் இப்போது தாமான்.

மலாயாவில் தங்கிப்போன காப்பி, லிபெரிகா. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். அராபிக்கா போலக் குளிர்ந்த மலை கேட்காது. தாழ்நிலத்து வெக்கையைத் தாங்கும். கத்தரிக்காமல் விட்டால் பெருமரமாகவே வளர்ந்துவிடும். உலகக் காப்பி உற்பத்தியில் அதன் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் நம் நாட்டில் விளையும் காப்பியில் பெரும்பகுதி அதுதான், ஜொகூர் அதன் முக்கியமான இடம்.

ஒவ்வொரு பயிரும் அந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே போயிருக்கிறது. திருப்பிக் கொடுத்தது குறைவு. அதை நினைத்துப் பார்த்தால், கோயில் கொல்லையில் வாரம் நான்கு வாளி சக்கையைச் சுமந்து வந்து கொட்டுவது சின்ன வேலையாகத் தெரியவில்லை.

இது மிகப் பெரிய அளவில் நடந்த ஓர் இடமும் உண்டு. கோஸ்தா ரிக்கா நாட்டின் தெற்கில், மாடு மேய்த்துக் களைத்துப்போன ஒரு நிலம். ஆய்வாளர்கள் அங்கே 35 மீட்டருக்கு 40 மீட்டர் அளவுள்ள ஒரு துண்டில் 30 லாரி காப்பிப் பழச் சதையைக் கொண்டுவந்து அரை மீட்டர் உயரத்துக்குப் பரப்பினார்கள். பழத்திலிருந்து கொட்டையை எடுத்த பிறகு ஆலையில் மிஞ்சும் கழிவு அது. நாம் வடிக்கும் சக்கை அன்று. அதன் அடியில் மேய்ச்சல் புல் வெந்து மக்கியது, மண்ணில் சத்து ஏறியது. இரண்டே ஆண்டுகளில் நிலத்தின் 80 விழுக்காட்டை இளமரங்களின் நிழல் மூடியது. பக்கத்தில் ஒன்றும் போடாமல் விட்ட துண்டில் 20 விழுக்காடுதான். 2021-இல் வெளியான ஆய்வு இது. மரங்களுக்கு வேண்டியது விதையைவிட முதலில் மண் என்பதை அந்த 30 லாரிகள் காட்டின.

கயிறு கட்டிய வட்டம்

கடைசிக் கன்றை அவர்கள் உடனே நடவில்லை. பெரிய தொட்டியில் ஓர் ஆண்டு வைத்திருந்தார்கள். அதற்குள் கோயில் கட்டடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்; அரச வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கும் என்பது தெரிந்தவர்கள். இறுகிய மண்ணைக் கடப்பாரையால் உடைத்து, மக்கிய உரத்தைப் பரப்பி, இலை மூடி, காத்திருந்தார்கள். மண்புழு தென்பட்ட பிறகுதான் நட்டார்கள்.

நட்டு நான்கு ஆண்டு ஆகிறது. நான் போனபோது மரம் கோயில் கூரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத மதியத்திலும் அரசிலை ஆடும் என்பார்களே, ஆடியது. கீழே இலைச் சருகை விலக்கிக் கையை விட்டேன். விரல் முழுக்க உள்ளே போனது. அங்கிருந்து பத்தடி தள்ளி, உரம் படாத தரையில் சாவியால் கீறிப் பார்த்தேன். கோடு மட்டும்தான் விழுந்தது.

கோயிலில் இப்போது வேறொரு பேச்சு ஓடுகிறது. திருவிழாவுக்கு வருகிறவர்கள் காரை நிறுத்த இடமில்லை, சேறு வேறு. வளாகம் முழுவதும் சிமெண்டுக் கல் பதிக்க வேண்டும் என்கிறார்கள் செயலவையில் பாதிப் பேர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன ஆண்டு தீமிதிக்கு வந்த ஒரு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். மறுபாதிப் பேர், மரத்தடியை மூடினால் இத்தனை ஆண்டு சுமந்த சக்கைக்கு அர்த்தமே இல்லை என்கிறார்கள். வேருக்குத் தண்ணீரும் காற்றும் மேலிருந்துதான் போக வேண்டும்.

வேளாண்மை படித்த பெண் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். மரத்தைச் சுற்றிப் பதினைந்து அடிக்குக் கல் வேண்டாம். அதற்கு வெளியே பதியுங்கள். மரம் வளர வளர ஒரு வரிசைக் கல்லை எடுத்துக்கொண்டே வாருங்கள் என்பது அவருடைய யோசனை. பதினைந்து அடி என்றால் எட்டு கார் நிறுத்தும் இடம் போய்விடும் என்று பொருளாளர் கணக்குச் சொல்கிறார். ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம். அதுவரை யாரும் மறந்துபோய்க் காரை ஏற்றிவிடக் கூடாது என்று பெரியவர் நான்கு கம்பு நட்டு மஞ்சள் கயிற்றால் பதினைந்தடி வட்டம் கட்டியிருக்கிறார்.

நான் கிளம்பிய நேரத்தில் இளைஞர் மோட்டார் சைக்கிளில் இரண்டு வாளி சக்கையோடு வந்து இறங்கினார். இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. கயிற்றைத் தாண்டாமல், நேராகப் பின்பக்கத் தொட்டிக்குக் கொண்டுபோனார்.